கிளப்ஹவுஸ இடிச்சுக் கட்டப் போறாங்களா? சீனியர் கம்யூனிட்டிக்குப் புதுசா வந்தவங்க என்ன கேக்கணும், எப்பக் கேக்கணும்

கோயமுத்தூர்ல வடவள்ளி, தொண்டாமுத்தூர், பேரூர்னு எந்தப் பக்கம் போனாலும் இப்ப ஒரு ரிடையர்மென்ட் கம்யூனிட்டி போர்டு கண்ணுல பட்டுடும். நல்ல காத்து, சிறுவாணித் தண்ணி, பக்கத்துலயே பெரிய ஆஸ்பத்திரிங்கன்னு நம்பி வந்தவங்கதான் நாம எல்லாரும். இதுல 2000கள்ல கட்டினதெல்லாம் இப்ப பதினஞ்சு வருஷத்துக்கு மேல பழைய கட்டடம் ஆயிடுச்சு. கிச்சன் ரூஃப் ஒழுகுது, டைனிங் ஹால் தரை வழுக்குது, லிஃப்ட் அடிக்கடி நிக்குது, அதனால ஒவ்வொரு இடத்துலயும் "மொத்தமா இடிச்சுக் கட்டிடலாம்"ங்கற பேச்சு வருது. நீங்க வீட்ட வாங்கி சாமான் இறக்கி ஆறு மாசம்கூட ஆகியிருக்காது, அதுக்குள்ள "வீட்டுக்கு ஒன்றரை லட்சம் ஸ்பெஷல் லெவி"ன்னு, அதாவது மெயின்டெனன்ஸ் போக தனி வசூல்னு, சர்குலர் வந்து நிக்கும்.

நான் பேங்க்ல 34 வருஷம் வேலை பாத்தவன், சிவில் இன்ஜினியர் கிடையாது. எங்க கம்யூனிட்டியில கிச்சன் பிளாக் கட்டினப்போ மேற்பார்வைக் குழுவுல இருந்தேன், அதுல பாத்தத வெச்சுத்தான் இத எழுதறேன். புதுசா வந்தவங்களுக்குன்னே எழுதறதுக்கு ஒரு காரணம் இருக்கு. பழைய ஆளுங்களுக்கு கமிட்டியில இருக்கறவங்களோட பத்து வருஷப் பழக்கம், தினம் ஒரே டேபிள்ல சாப்பிடறாங்க, கேக்கணும்னு தோணினாலும் முகத்துக்கு நேரா கேக்க சங்கடப்படுவாங்க. நேத்து வந்த நாம கேட்டா தப்பா நெனைப்பாங்களோன்னு நீங்களும் தயங்குவீங்க. தயங்காதீங்க. கணக்கு கேக்கறது யாரையும் திருடன்னு சொல்றது ஆகாது, நல்ல செக்ரட்டரியா இருந்தா கேக்கறவங்க இருக்கறது அவருக்கே பாதுகாப்பு. என்ன கேக்கறீங்கங்கறத விட எப்பக் கேக்கறீங்கங்கறதுதான் முக்கியம், அக்ரிமென்ட்ல கையெழுத்து விழுந்தப்புறம் கேக்கற கேள்வியில பாதிக்குப் பலன் கிடையாது.

முதல் வேலை: கட்டடம் யாரோடதுன்னு பாருங்க

கேக்க விசித்திரமா இருக்கும், ஆனா பல சீனியர் கம்யூனிட்டிகள்ல கிளப்ஹவுஸ், கிச்சன், டைனிங் ஹால் இதெல்லாம் அசோசியேஷன் பேருக்கு வந்திருக்காது, பில்டர் கையிலயோ சர்வீஸ் நடத்தற கம்பெனி கையிலயோ இருக்கும். அப்படி இருந்தா நீங்க லெவி கட்டி அடுத்தவங்க சொத்தப் புதுப்பிச்சுக் குடுக்கறீங்கன்னு அர்த்தம். உங்க கிரயப் பத்திரத்துல ஷெட்யூல் பகுதிய எடுத்துப் படிங்க, யூடிஎஸ்னு சொல்ற பிரிபடாத பாகம் எந்த சர்வே நம்பர்ல வருது, கிளப்ஹவுஸ் நிக்கற இடம் அதுக்குள்ள அடங்குதான்னு பாருங்க. அந்த சர்வே நம்பருக்கு பதிவுத்துறை வெப்சைட்டுலயே வில்லங்க சான்றிதழ் போட்டுப் பாக்கலாம். டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அப்ரூவ் பண்ணின பிளான்ல அந்தக் கட்டடம் பொதுப் பயன்பாடுன்னு காட்டியிருக்காங்களான்னும் பாக்கணும். அசோசியேஷன்ல காப்பி இல்லைனு சொன்னா பிளான் அனுமதி குடுத்த ஆபீஸ்ல ஆர்டிஐ போட்டுக் கேக்கலாம்.

கட்டி ஒப்படைச்சு இன்னும் 5 வருஷம் ஆகலைன்னா பேச்சே வேற. ரியல் எஸ்டேட்ட முறைப்படுத்தற ரேரா சட்டம் 14(3) பிரிவுப்படி, பொசஷன் குடுத்த 5 வருஷத்துக்குள்ள கட்டுமானக் குறையோ வேலைத் தரத்துல குறையோ தெரிஞ்சா, பில்டர் 30 நாளுக்குள்ள தன் செலவுல சரி பண்ணிக் குடுக்கணும். அந்தத் தேதி முடியறதுக்கு முன்னாடி எழுத்துல புகார் போயிருக்கணும், அதனால உங்க கம்யூனிட்டி நாலு வருஷக் கட்டடமா இருந்தா இதப் படிச்சு முடிச்சதும் போய் செக்ரட்டரியப் பாருங்க.

அடுத்தது: நிஜமாவே இடிக்கணுமா

இந்த இடத்துலதான் பெரிய பணம் மிச்சமாகும், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

எங்க இடத்துல ஒரு நாள் விடியக்காலம் அஞ்சரை மணிக்கு, கிச்சன்ல இட்லி வேகற பாய்லர் பக்கத்துல மேல் பூச்சு ஒரு முறம் அளவுக்குப் பெயர்ந்து விழுந்துச்சு. மாவு ஊத்திட்டு இருந்த அம்மா ரெண்டடி தள்ளி நின்னதால தப்பிச்சாங்க. எல்லாருக்கும் உதறல் எடுத்துடுச்சு. அந்த வாரமே ஒரு கான்ட்ராக்டர் வந்து பாத்துட்டு கிச்சன், டைனிங் ஹால் எல்லாத்தையும் இடிச்சுக் கட்டணும், 2.40 கோடி ஆகும்னு ஒரே பக்கத்துல எஸ்டிமேட் குடுத்துட்டுப் போனாரு. பயத்துல இருக்கறப்போ யாருக்கும் கேள்வி வராது. எங்ககூட இருந்த ஒரு ரிடையர்டு பொதுப்பணித்துறை அம்மா மட்டும்தான் எழுந்து, "கட்டடத்த டெஸ்ட் பண்ணாம எப்படிங்க இடிக்கச் சொல்றாரு"ன்னு கேட்டாங்க.

டெஸ்ட்னா என்னன்னா, ரீபவுண்ட் ஹாமர், அல்ட்ராசோனிக், கான்கிரீட்ல உருளையா ஒரு துண்டு (கோர்) எடுத்து நசுக்கிப் பாக்கறது, கம்பி துருப்பிடிக்க எவ்வளவு வாய்ப்பிருக்குன்னு காட்டற ஹாஃப் செல், கார்பனேஷன்னு ஒரு வரிசை இருக்கு. கார்பனேஷன் டெஸ்ட்ட நேர்ல நின்னு பாத்தேன். ரூஃப்ல சின்னதா உடைச்சு, பஞ்சால துடைச்சுட்டு, ஃபினால்ஃப்தலீன்னு ஒரு திரவத்த ஸ்ப்ரே பண்ணாங்க. கான்கிரீட் நல்லா இருந்தா பளிச்சுனு ரோஸ் கலர் ஆகும், கெட்டுப்போச்சுன்னா கலரே வராது. டைனிங் ஹால் ரூஃப்ல மேல ஒரு சென்டிமீட்டர் விட்டு உள்ள எல்லாம் ரோஸ். கிச்சன் ரூஃப்ல கம்பி வரைக்கும் ஒண்ணுமே வரல, பதினாறு வருஷமா தினம் நீராவி அடிச்ச ரூஃப் அது. ஆக கிச்சன் பிளாக்க மட்டும் இடிச்சாப் போதும், ஹாலுக்கு தரையும் வாட்டர்ப்ரூஃபிங்கும் செஞ்சா போதும்னு ஆச்சு.

டெஸ்ட் ரிப்போர்ட் குடுக்கற இன்ஜினியரோ லேபோ பின்னாடி வேலைய எடுக்கப் போற கான்ட்ராக்டரோட ஆளா இருக்கக் கூடாது. கோயமுத்தூர்ல இன்ஜினியரிங் காலேஜ் லேபுக்கெல்லாம் பஞ்சமே இல்ல. மொத்த செலவுல இது ரொம்பச் சின்னத் தொகை, ஜெனரல் பாடியில (பொதுக்குழுக் கூட்டத்துல) நீங்க ஒரே ஒரு கேள்விதான் கேக்க முடியும்னா "டெஸ்ட் ரிப்போர்ட் எங்க"ன்னு கேளுங்க.

மூணாவது: பணம் எங்கிருந்து வருது

எஸ்டிமேட்ல கடைசி வரியில பொடி எழுத்துல "டாக்ஸ் எக்ஸ்ட்ரா"ன்னு இருக்கும், அத விட்டுடாதீங்க. எங்க முதல் எஸ்டிமேட்டையே எடுத்துக்கோங்க, 2.40 கோடி, 180 வீடு, வீட்டுக்கு 1,33,333 ரூபான்னு சொன்னாங்க. 18 சதவீதம் ஜிஎஸ்டி சேத்தா 2.83 கோடி, வீட்டுக்கு 1,57,333. இதுக்கு மேல கன்சல்டன்ட் ஃபீஸ், டெம்பரரி கிச்சன் செலவு, எதிர்பாராத செலவுக்கு ஒரு பத்து சதவீதம். அதனால வீட்டுக்கு எவ்வளவுன்னு சொல்றப்போ இதெல்லாம் சேந்த தொகையத்தான் சொல்லணும்.

கார்ப்பஸ் ஃபண்ட்ல, அதாவது அசோசியேஷன் சேத்து வெச்சிருக்கற அசல் பணத்துல, கை வைக்கறாங்கன்னா அதோட வட்டியில இப்ப என்ன செலவு நடக்குதுன்னு கேளுங்க. வட்டிய வெச்சுத்தான் செக்யூரிட்டி சம்பளமோ ஜெனரேட்டரோ ஓடுதுன்னா, இன்னிக்கு அசல எடுத்தா அடுத்த வருஷம் மாச மெயின்டெனன்ஸ் ஏறும். மெயின்டெனன்ஸ் ஆளுக்கு மாசம் 7,500 தாண்டி, அசோசியேஷன் வருஷ வரவும் 20 லட்சத்தத் தாண்டினா ஜிஎஸ்டி வந்துடும், ஸ்பெஷல் லெவி இதுல எப்படிச் சேரும்னு ஆடிட்டர்கிட்ட எழுத்துலயே வாங்கி வைக்கச் சொல்லுங்க. லெவிய வீட்டுக்கு இவ்வளவுன்னு போடறதா, சதுர அடிக்கு இவ்வளவுன்னு போடறதாங்கறதுக்கு பைலால (அசோசியேஷனோட விதிமுறையில) என்ன இருக்கோ அதுதான், கூட்டத்துல கைதூக்கி முடிவு பண்ற விஷயம் இல்ல.

இன்னொண்ணும் சொல்லணும். இங்க இருக்கறவங்க முக்காவாசிப் பேர் பென்ஷன்லயும் எஃப்டி வட்டியிலயும் வாழறவங்க, 78 வயசுல பேங்க்ல லோன் கிடைக்கறது ரொம்பக் கஷ்டம், எனக்கு அது நல்லாவே தெரியும். ஃபேமிலி பென்ஷன்ல தனியா இருக்கற ஒரு அம்மாவுக்கு ஒன்றரை லட்சம்ங்கறது ஒரு ஆபரேஷனுக்கு எடுத்து வெச்ச பணம். அதனால தவணைக்கு வழி இருக்கணும், குறைஞ்சது வேலை முடியற வரைக்குமாவது பிரிச்சு வாங்கணும், பேரு வெளிய தெரியாம ஆபீஸ்ல வந்து சொல்ல வசதி இருக்கணும். கட்டாதவங்க பேர நோட்டீஸ் போர்டுல ஒட்டறது எங்க நடந்தாலும் அத உடனே நிறுத்தச் சொல்லி எழுந்து பேசுங்க.

நாலாவது: மேற்பார்வைக் குழு

மேனேஜிங் கமிட்டி வேலைய நடத்தட்டும், பாக்கறதுக்கு வேற ஆளுங்க வேணும். அஞ்சு பேர் போதும். கணக்கு தெரிஞ்ச ஒருத்தர், கட்டட வேலை தெரிஞ்ச ஒருத்தர், கிச்சனப் பத்தித் தெரிஞ்ச ஒருத்தர், வாக்கர் இல்லேன்னா வீல்சேர்ல நடமாடற ஒருத்தர், புதுசா வந்தவங்கள்ல ஒருத்தர். அஞ்சு பேரும் தனக்கோ சொந்தக்காரங்களுக்கோ கான்ட்ராக்டரோட எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லைனு எழுதிக் குடுக்கணும். ஜெனரல் பாடி தீர்மானத்துல "எல்லாப் பேப்பரையும் பாக்கலாம், ஒவ்வொரு பில்லும் பணம் போறதுக்கு முன்னாடி இவங்ககிட்ட வரணும்"ங்கற வரி மினிட்ஸ்ல ஏறணும், வாய் வார்த்தையா விட்டா மூணாவது மாசம் யாரும் காட்ட மாட்டாங்க.

குழுவுல இருக்கறவங்க செய்யக் கூடாதது ஒண்ணு இருக்கு, சைட்ல போய் கொத்தனார்கிட்ட "இந்தச் செவுத்த அரையடி தள்ளிக் கட்டுப்பா"ன்னு சொல்லக் கூடாது. நல்ல எண்ணத்துலதான் சொல்லுவோம், அது அடுத்த பில்லுல எக்ஸ்ட்ரா ஐட்டமா வந்து நிக்கும், யார் சொன்னாங்கன்னு கேட்டா "ஒரு சார் வந்து சொன்னாருங்க"ன்னு மேஸ்திரி சொல்லுவாரு. இன்ஜினியர் ஒருத்தர் வழியா மட்டும்தான், அதுவும் எழுத்துலதான் எதுவும் போகணும்.

ஓட்டு ஓனருக்குத்தான், ஆனா லீஸ்ல இருக்கறவங்களும் அதே ஹால்லதான் தினம் மூணு வேளை சாப்பிடறாங்க. அவங்களையும் கூப்பிட்டுப் பேச விடுங்க. வெளிநாட்டுல இருக்கற பிள்ளைங்க பேர்ல வீடு இருந்தா, ப்ராக்ஸி (அவங்களுக்குப் பதிலா வேற ஒருத்தர் ஓட்டுப் போடறது) செல்லுமா இல்லையான்னு பைலால பாத்து ரெண்டு வாரம் முன்னாடியே தெளிவு பண்ணிக்கணும், ஓட்டெடுப்பு அன்னிக்கு அதுல சண்டை வரக் கூடாது.

முழுக் குடியிருப்புக் கட்டடத்தையே இடிச்சுக் கட்டற திட்டம்னா அது வேற கதை, தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022, அது 2024 மார்ச் 6ல அமலுக்கு வந்துச்சு, மூணுல ரெண்டு பங்கு ஓனர்கள் சம்மதம்னு அதுல இருக்கு. அந்த அளவுக்குப் போனா வக்கீல் இல்லாம ஒரு அடிகூட வைக்காதீங்க.

அஞ்சாவது: டெண்டர், அக்ரிமென்ட்

சதுர அடிக்கு இவ்வளவுன்னு மொத்தமா பேசற ரேட்டுக்கு ஒத்துக்காதீங்க, பின்னாடி எதையும் அளந்து சரிபாக்க முடியாது. பிஓக்யூ வேணும், அதாவது ஒவ்வொரு வேலையும் தனி வரி, எவ்வளவு அளவு, என்ன ரேட்டு, எந்த பிராண்டு. ஒரே பிஓக்யூவ மூணு நாலு பேருக்குக் குடுத்து, சீல் வெச்ச கவர்ல வாங்கி, எல்லார் முன்னாடியும் பிரிக்கணும். அக்ரிமென்ட்ல நான் தேடிப் பாக்கறது இதெல்லாம்: அட்வான்ஸ் குடுத்தா அதுக்கு பேங்க் கேரண்டி, ஒவ்வொரு பில்லுலயும் அஞ்சு சதவீதம் ரிடென்ஷனா பிடிச்சு வைக்கறது, முடிஞ்சப்புறம் குறைஞ்சது 12 மாசம் குறை சரிபண்ற பொறுப்பு, லேட்டானா வாரத்துக்கு இவ்வளவு பிடித்தம், எக்ஸ்ட்ரா வேலைக்கு முன்கூட்டியே எழுத்துல அனுமதி, வேலையாட்களுக்கு இன்ஷூரன்ஸ். டிடிஎஸ், அதாவது பணம் குடுக்கறப்போவே வருமான வரி பிடிக்கறது, அசோசியேஷன் கடமை, தனி ஆள் கான்ட்ராக்டருக்கு 1 சதவீதம், கம்பெனி பார்ட்னர்ஷிப்னா 2 சதவீதம்.

தேதி போடறப்போ காலண்டரப் பாருங்க. கோயமுத்தூர்ல கனமழை பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகையிலதான், ரூஃப் திறந்து கெடக்கற வேலை அக்டோபருக்கு முன்னாடி மூடியிருக்கணும். பொங்கலுக்கு நம்ம ஊர் ஆளுங்க போயிடுவாங்க, சத் பூஜைக்கு பீகார் ஆளுங்க போயிடுவாங்க.

டிராயிங் பாக்கறப்போ வயசானவங்க கண்ணோட பாருங்க. சாய்தளம் 1:12, அதாவது ஒன்றரை அடி உயரத்துக்கு 18 அடி நீளம், இத எட்டடியில முடிச்சா வீல்சேர் தள்ற ஆள் மூச்சு வாங்கும், இறங்கறப்போ கையே நிக்காது. தரைக்கு ஆன்டி ஸ்கிட் டைல், பளபளன்னு இருக்கற டைல் அழகா இருக்கும், இடுப்பு எலும்ப ஒடைச்சிடும். ஹால்ல எக்கோ அடிக்கக் கூடாதுங்கறத யாரும் யோசிக்கறதில்ல, காது மெஷின் வெச்சவங்களுக்கு எக்கோ அடிக்கற ஹால்ல எதிர்ல இருக்கறவர் பேசறது ஒண்ணுமே புரியாது, அதனாலயே சாப்பாட்ட ரூமுக்கு வரவழைச்சுத் தனியா சாப்பிட ஆரம்பிச்சவங்கள எனக்குத் தெரியும். சீலிங்ல சத்தத்த உறிஞ்சற போர்டு பிஓக்யூவுல ஒரு வரியா இருக்கணும்.

ஆறாவது: வேலை நடக்கறப்போ

தினம் போய் நிக்க வேண்டாம். கான்கிரீட் போடற நாள் மட்டும் கண்டிப்பா ஒருத்தர் இருக்கணும். கம்பி கட்டி முடிச்சதும் இன்ஜினியர் பாத்து கையெழுத்துப் போட்டப்புறம்தான் கலவை இறங்கணும், அதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, மூடிட்டா அப்புறம் யாரும் பாக்க முடியாது. ரெடிமிக்ஸ் (பிளான்ட்லயே கலந்து வர்ற கான்கிரீட்) லாரி வந்தா சீட்டுல கலவை ஏத்தின நேரத்தப் பாருங்க, ரெண்டு மணி நேரத்துக்குள்ள இறக்கியாகணும். அன்னிக்கே அந்தக் கலவையில க்யூப் (டெஸ்ட்டுக்கு வார்க்கற சின்னக் கட்டி) எடுக்கணும், எம்25 கான்கிரீட்னா 28 நாள் கழிச்சு டெஸ்ட்ல சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டனத் தாங்கணும். க்யூப் மேல தேதிய உங்க ஆளே எழுதட்டும். அப்புறம் கியூரிங், குறைஞ்சது ஏழு நாள், இப்ப எல்லாரும் வாங்கற பிபிசி (சாம்பல் கலந்த) சிமெண்ட்னா பத்து நாளாவது ஈரம் காயக் கூடாது. ஞாயித்துக்கிழமை சைட்ல ஆள் இருக்காது, தண்ணி ஊத்தறது யாருன்னு சனிக்கிழமையே கேட்டுடுங்க.

பில் வந்தா எம்-புக், அதாவது அளவுப் புத்தகம், கூடவே வரணும். எங்க டைனிங் ஹால் தரைக்கு 3,900 சதுர அடின்னு பில் வந்துச்சு. அந்த பொதுப்பணித்துறை அம்மா ஒரு டேப்ப எடுத்துட்டு வந்தாங்க, ஒரு முனைய நான் பிடிச்சேன், 72 அடிக்கு 48 அடி, 3,456. வித்தியாசம் 444 சதுர அடி, 140 ரூபா ரேட்டுல 62,160 ரூபா. வேஸ்டேஜ்னு சொன்னாரு கான்ட்ராக்டர். பிஓக்யூவ விரிச்சுக் காட்டினோம், "வேஸ்டேஜ் உட்பட"ன்னு எங்க பேச்சுவார்த்தையிலயே சேத்த வரி அது. மறு பேச்சில்லாம பில்ல மாத்திக் குடுத்துட்டாரு, அடுத்த பில்லுல இருந்து அளவெல்லாம் சரியாவே வந்துச்சு.

தூசி விஷயத்துல விட்டுக்குடுக்காதீங்க. ஆஸ்துமா, சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் நோய்) இருக்கறவங்க வீடு எது எதுன்னு கணக்கெடுத்து, இடிக்கற வாரத்துல அவங்கள வேற பிளாக்குக்கு மாத்தணும், பச்சை வலை கட்டணும், தண்ணி தெளிச்சு இடிக்கணும். மத்தியானம் ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் டிரில் ஓடக் கூடாது. ஆம்புலன்ஸ் வர்ற வழியில ஜல்லி கொட்டினா அந்த நிமிஷமே எடுக்கச் சொல்லணும். டெம்பரரி கிச்சன ஒரு வாரம் முழுசா ஓட்டிப் பாத்து, சர்க்கரை நோய் இருக்கறவங்க சாப்பாடு, உப்பில்லாத சாப்பாடு எல்லாம் நேரத்துக்கு வருதான்னு உறுதி ஆனப்புறம்தான் பழைய கிச்சன்ல முதல் சுத்தியல் விழணும்.

பேப்பரக் காட்ட மாட்டேன்னா

முதல்ல செக்ரட்டரிக்கு மரியாதையா ஒரு கடிதம், எந்தெந்தப் பேப்பர் வேணும்னு பட்டியலோட, காப்பியில கையெழுத்து வாங்கிக்கோங்க. பதில் வரலைன்னா பைலால சொல்ற எண்ணிக்கையில கையெழுத்து சேத்து அவசரப் பொதுக்கூட்டம் கேக்கலாம். அசோசியேஷன் 1975ம் வருஷத்து தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்துல பதிவானதா இருந்தா, மூணுல ஒரு பங்கு உறுப்பினர்கள் சேந்து மாவட்டப் பதிவாளர்கிட்ட விசாரணை கேக்க 36வது பிரிவு இருக்கு. இதுவரைக்கும் போகாம முடிச்சுக்கறதுதான் நல்லது, ஏன்னா அடுத்த நாளும் அதே ஹால்லதான் சாப்பிடணும், ஆனா இப்படி ஒரு வழி இருக்குன்னு ரெண்டு பக்கத்துக்கும் தெரிஞ்சிருந்தா பெரும்பாலும் பேப்பர் வந்துடும்.

முடிஞ்சப்புறம்

ஒப்படைக்கறப்போ மொட்டை மாடியில தண்ணி கட்டி ரெண்டு நாள் விட்டுக் கீழ பாருங்க. லிஃப்ட் புதுசுன்னா லைசென்ஸ், கிச்சன் கேஸ் லைன் டெஸ்ட் சர்டிபிகேட், எலக்ட்ரிக்கல் பிளம்பிங் எது எங்க போகுதுன்னு கடைசி டிராயிங், வாட்டர்ப்ரூஃபிங் கேரண்டி, எல்லாம் ஒரே ஃபைல்ல ஆபீஸ்லயும் இன்னொரு செட்டு குழுகிட்டயும். வாக்கர்ல வர்ற ஒருத்தரக் கூட்டிட்டுப் போய், வாசல்ல இருந்து கை கழுவற இடம் வரைக்கும் அவர முன்னாடி நடக்க விட்டுப் பாருங்க, எங்க நிக்கறாரோ அங்க ஒரு குறை இருக்கு, அத லிஸ்ட்டுல எழுதுங்க.

ரிடென்ஷன் பணம் விடுவிக்கற தேதிய இப்பவே காலண்டர்ல குறிச்சு வைங்க. பதினோராவது மாசம் குழு மொத்தமும் ஒரு சுத்து சுத்தி வந்து குறைகள எழுதிக் குடுக்கணும். அந்த செக் கையெழுத்தாகறதுக்கு முன்னாடி ஒரு தடவை, முடிஞ்சா நல்ல மழை பேஞ்ச மறுநாள் காலையில, கிச்சன் ரூஃப அண்ணாந்து பாத்துட்டு வாங்க.